கைதி தப்பிச் சென்ற கப்பல்: கிளிங்கான் இலக்கணத்தின் முடிச்சுகள்

"கைதி தப்பிச் சென்ற கப்பலைத் தளபதி தேடுகிறார்." தமிழ் பேசும் எவருக்கும் இதைச் சொல்ல ஒரு நொடி போதும். கைதி தப்பியது கப்பலில். அந்த 'இல்' வாக்கியத்தில் எங்கும் இல்லை. 'தப்பிச் சென்ற' என்ற பெயரெச்சத்துக்குப் பின்னால் 'கப்பல்' வந்து நின்றதும், அது தப்பிய ஆளா, தப்பவிடப்பட்ட பொருளா, தப்ப உதவிய ஊர்தியா என்று கேட்பவரே காதால் முடிவு செய்துகொள்கிறார். இதே வாக்கியத்தைக் கிளிங்கான் மொழியில் சொல்ல முயன்றால், அம்மொழியைப் பல ஆண்டுகள் பயின்றவர்களே நின்று யோசிக்கும் இடத்துக்கு வந்துவிடுவோம்.

கிளிங்கான், 'ஸ்டார் ட்ரெக்' கதைகளில் வரும் போர்க்குடி ஒன்றின் மொழி. 1979-இல் வந்த முதல் திரைப்படத்துக்காக நடிகர் ஜேம்ஸ் டூஹன் சில ஒலிகளைப் புனைந்து கொடுத்தார். அவற்றை அடித்தளமாக வைத்து, 1984-இல் வந்த மூன்றாவது படத்துக்காக முழு இலக்கணத்தோடு மொழியை உருவாக்கியவர் மார்க் ஓக்ராண்ட் என்ற அமெரிக்க மொழியியலாளர். அவருடைய அகராதி 1985-இல் வெளிவந்தது. பின்னர் இந்த மொழியில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் பெயர்க்கப்பட்டது. 2010-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓர் இசை நாடகமே அரங்கேறியது. விளையாட்டாகத் தொடங்கியதுதான். ஆனால், அதில் ஒரு சிக்கலான வாக்கியத்தை அமைக்க உட்கார்ந்தால், மனித மொழிகள் எப்படி வேலை செய்கின்றன என்பது பற்றி ஒரு பாடநூல் சொல்வதைவிட அதிகமாகத் தெரிந்துகொள்ளலாம் என்று நான் நம்புகிறேன்.

முதலில் எளிய வாக்கியம். 'தளபதி கைதியைப் பிடிக்கிறார்' என்பது கிளிங்கானில் 'காமா ஜோன் ஹோட்'. காமா என்றால் கைதி, ஜோன் என்றால் பிடி, ஹோட் என்றால் தளபதி. (ஒலிகளை நம் எழுத்துக்குள் ஏறத்தாழத்தான் அடக்க முடிகிறது. 'ஹோட்' என்பதில் கடைசியில் வருவது நாவை மடித்து ஒலிக்கும் நம் டகரத்துக்கு மிக நெருக்கமானது; தமிழர்களுக்கு அது சிரமமே இல்லை.) செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில். ஓக்ராண்ட் இந்த வரிசையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். ஜோசஃப் கிரீன்பெர்க் 1963-இல் 30 மொழிகளை ஒப்பிட்டு, எழுவாயும் செயப்படுபொருளும் பெயர்ச்சொற்களாக வரும் வாக்கியங்களில் எழுவாய் முந்தி வருவதே ஏறக்குறைய எங்கும் வழக்கு என்று கண்டிருந்தார். வேற்றுக்கிரகத்தார் பேச்சு பூமியின் வழக்கத்துக்கு எதிராக இருக்க வேண்டும் அல்லவா?

பூமி அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. பிரேசிலின் ஞமுண்டா ஆற்றங்கரையில் சில நூறு பேர் பேசும் ஹிஷ்கர்யானா மொழியின் இயல்பான வரிசையே இதுதான். அந்த மக்களோடு வாழ்ந்து மொழியைக் கற்ற டெஸ்மண்ட் டெர்பிஷர், 1977-இலேயே அதை எழுதிப் பதிவு செய்திருந்தார்.

தமிழர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கைதியைப் பிடித்தார் தளபதி' என்று நாமும் சொல்கிறோம். 'ஐ' என்ற உருபு இருப்பதால் சொற்களை எப்படி இடம் மாற்றினாலும் பிடித்தது யார் என்பதில் குழப்பம் வராது. கிளிங்கானில் அந்த உருபு இல்லை. இடம் மட்டுமே பொருளைக் காட்டும். 'ஹோட் ஜோன் காமா' என்று திருப்பினால் தளபதி கைதியிடம் மாட்டிக்கொள்வார். பின்னால் வரப்போகும் முடிச்சுகளில் பல, இந்த ஒற்றை இறுக்கத்திலிருந்து பிறப்பவை.

இன்னொரு தனித்தன்மையும் உண்டு. ஒரு வாக்கியம் சரியா தவறா என்று ஐயம் வந்தால், தாய்மொழியாகப் பேசும் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்க வழியில்லை. கையில் இருப்பது ஓக்ராண்ட் எழுதிய நூல்கள், படங்களின் வசனங்கள், அவ்வப்போது அவர் தந்த விளக்கங்கள் மட்டுமே. பயில்கிறவர்கள் அவற்றைத்தான் சான்றாகக் கொள்கிறார்கள். அவற்றில் ஓர் அமைப்பு காணப்படவில்லை என்றால், அது கூடாத அமைப்பா, அல்லது யாரும் இதுவரை பயன்படுத்த நேராத அமைப்பா? இந்தக் கேள்வி ஓக்ராண்டுக்குப் புதிதல்ல. 1977-இல் பெர்க்லியில் அவர் முனைவர் பட்டத்துக்கு எழுதியது, கலிஃபோர்னியப் பழங்குடி மொழியான முட்சுன் மொழியின் இலக்கணம். அந்த மொழியை நன்கறிந்த கடைசி மனிதரான அசென்சியோன் சொலோர்சானோ என்ற மூதாட்டி 1930-லேயே மறைந்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல ஜான் ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்துதான் ஓக்ராண்ட் இலக்கணத்தை மீட்டெடுத்தார். மேலும் கேட்க ஆளில்லாத மொழியில், இருக்கிற வாக்கியங்களை மட்டும் வைத்து விதிகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அறிந்த மனிதர் அவர்.

சில விதிகள் பிறந்த கதையும் விந்தையானது. 1984 படத்தில், எதிரிக் கப்பலின் எஞ்சினை மட்டும் தாக்கச் சொல்லியிருக்க, சுடுபவன் கப்பலையே தகர்த்துவிடுகிறான். 'உன்னிடம் சொன்னேனே, எஞ்சின் மட்டும்' என்ற பொருளில் ஒரு கிளிங்கான் வரி எழுதிப் படமாக்கினார்கள். படத்தொகுப்பின்போது, 'எனக்குக் கைதிகள் வேண்டியிருந்தது' என்று அடியில் எழுத்தாக வரும் வசனத்தை மாற்றிவிட்டார்கள். நடிகரின் வாயசைவு மாறாது. அதே ஒலிகளுக்குப் புதுப் பொருள் காண வேண்டும். ஓக்ராண்ட் ஒலித்தொடரை வேறு இடங்களில் வெட்டினார். 'மட்டும்' என்றிருந்த 'நெஹ்' என்ற சொல் 'விரும்பு' என்ற வினையும் ஆயிற்று. 'எஞ்சின்' என்றிருந்த 'ஜோன்தா' என்பது 'பிடித்துவிடு' என்ற வினையாகப் பிரிந்தது. இக்கட்டுரையில் நாம் பயன்படுத்தும் 'காமா' என்ற சொல்லே அப்படிக் கிடைத்ததுதான். கூடவே ஓர் இலக்கண விதியும் வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க, வாக்கியத்துக்குள் வாக்கியம் வைக்கும் முறைக்குப் போக வேண்டும்.

'கைதி தப்புவதைத் தளபதி பார்க்கிறார்' என்பதில் ஒரு வாக்கியம் முழுதாக இன்னொன்றின் செயப்படுபொருளாகிறது. தமிழில் 'தப்புவது' என்று வினையைப் பெயராக்கி 'ஐ' சேர்க்கிறோம். கிளிங்கான் முதல் வாக்கியத்தைத் தொடுவதே இல்லை. 'ஹாவ் காமா', அதாவது கைதி தப்புகிறான், என்று முழுதாகச் சொல்லிவிட்டு, 'எ லெக் ஹோட்', அதாவது அதைத் தளபதி பார்க்கிறார், என்று அடுத்ததைத் தொடுக்கிறது. நடுவில் உள்ள 'எ' என்ற குட்டிச் சொல், சொல்லி முடித்த வாக்கியத்தைச் சுட்டும் 'அதை'. எவ்வளவு எளிமையான ஏற்பாடு! 'நெஹ்' என்ற விரும்பும் வினைக்கு மட்டும் இந்த 'எ' வராது. படத்தில் நடிகர் சொன்ன வரியில் 'எ' இல்லையே! அதனால் விதியே அப்படி அமைந்துவிட்டது. இயற்கை மொழிகளின் விதிவிலக்குகளுக்குப் பின்னாலும் இதுபோல ஏதோ ஒரு வரலாற்று நேர்வு இருக்கும். நமக்கு அது தெரியாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் குட்டிச் சொல் செயப்படுபொருளாக மட்டுமே வரும், எழுவாயாக வராது. எனவே 'கைதி தப்பியது தளபதியைக் கோபப்படுத்தியது' என்று நேரடியாகச் சொல்ல வழியில்லை. புதிதாகப் படிப்பவர்கள் இங்கே முட்டிக்கொள்வார்கள். தேர்ந்தவர்கள் வாக்கியத்தை விட்டுவிட்டு நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள். நடந்தது என்ன? கைதி தப்பினான், அதனால் தளபதிக்குக் கோபம். கிளிங்கானில் 'அதனால்' என்பதற்கு 'மோ' என்ற விகுதி உண்டு. தப்பியதால், கைதி, கோபமாயிருக்கிறார், தளபதி. முடிந்தது. உண்மையைச் சொன்னால், தமிழிலும் 'கைதி தப்பியதால் தளபதிக்குக் கோபம் வந்தது' என்பதே காதுக்கு இதமானது. 'தப்பியது கோபப்படுத்தியது' என்பதில் மொழிபெயர்ப்புச் செய்தியின் வாடை அடிக்கிறது.

பிறர் சொன்னதைச் சொல்வதிலும் இதே போக்குதான். 'ஓடக் கூடாது என்று தளபதி கைதியிடம் சொன்னார்' என்பதற்குக் கிளிங்கானில் 'என்று' கிடையாது, 'எ'-யும் வராது. ஓடாதே, கைதியிடம் சொன்னார் தளபதி. பேசியவர் வாயிலிருந்து வந்தது அப்படியே நிற்கும். நம் 'என்று'க்கு முன்னாலும் பெரும்பாலும் நேர்ப்பேச்சே நிற்பதால், இந்த இடத்தைத் தமிழர் எளிதாகக் கடந்துவிடலாம்.

இனிக் கப்பலுக்கு வருவோம். கிளிங்கானில் பெயரெச்சத்தின் வேலையைச் செய்வது 'போக்' என்ற விகுதி. 'காமா ஜோன்போக் ஹோட்' என்றால் 'கைதியைப் பிடித்த தளபதி'. அல்லது 'தளபதி பிடித்த கைதி'. இரண்டும்தான்! தமிழில் எந்தப் பெயர் கடைசியில் நிற்கிறதோ அதுவே தலைமைச் சொல். கிளிங்கானில் தலைமைச் சொல் தொடருக்கு வெளியே வருவதே இல்லை. உள்ளே, தன் வழக்கமான இருக்கையிலேயே இருந்துவிடுகிறது. ஆண்டீஸ் மலைத்தொடரில் பேசப்படும் கெச்சுவாவிலும், வட அமெரிக்கச் சமவெளிகளின் லகோட்டாவிலும் இத்தகைய தொடர்கள் உண்டு. குழப்பத்தைத் தீர்க்க, எந்தப் பெயரைப் பற்றிப் பேசுகிறோமோ அதன் மேல் ஓர் 'எ' விகுதியை வைக்கலாம். முன்பு பார்த்த குட்டிச் சொல் அல்ல இது. நம் 'தான்' போல அழுத்தம் தரும் ஒட்டு.

இந்தப் 'போக்' தொடரில் தலைமைச் சொல் ஒன்று எழுவாயாக இருக்க வேண்டும், இல்லையென்றால் செயப்படுபொருளாக இருக்க வேண்டும். கப்பலோ இரண்டும் அல்ல. 'கப்பலில்' என்பதற்கு 'டூஜ்டாக்' என்று இட உருபோடு சொல்ல வேண்டும். உருபோடு நிற்கும் அந்தச் சொல்லை வெளி வாக்கியம் செயப்படுபொருளாக எடுத்துக்கொள்ள முடியாது. தளபதி தேடுவது கப்பலை. கைதி தப்பியது கப்பலில். ஒரே சொல் இரண்டு வேடம் போட வேண்டியிருக்கிறது, உடையோ ஒன்றுதான்.

இதைக் கிளிங்கானின் குறை என்று சொல்லிவிடலாமா? எட்வர்ட் கீனனும் பெர்னார்ட் காம்ரியும் 1977-இல் வெளியிட்ட ஆய்வு, மொழியியலில் அதிகம் பேசப்படுவனவற்றுள் ஒன்று. ஏறக்குறைய 50 மொழிகளில், எந்தெந்தப் பெயர்களைத் தலைமைச் சொல்லாக்கி இத்தகைய தொடர் அமைக்க முடிகிறது என்று அவர்கள் பார்த்தார்கள். மொழிக்கு மொழி எல்லை மாறியது, ஆனால் தாறுமாறாக மாறவில்லை. ஓர் ஏணி தெரிந்தது. உச்சியில் எழுவாய், அதற்குக் கீழே செயப்படுபொருள், பிறகு 'கு' உருபு ஏற்பது, பிறகு இடம், கருவி முதலியவை, பிறகு உடைமைப் பெயர், அடியில் 'விட' என்று ஒப்பிடப்படும் பொருள். ஒரு மொழியின் தொடரமைப்பு எந்தப் படி வரை இறங்குகிறதோ, அதற்கு மேலுள்ள படிகளிலும் அது செல்லும். நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதில்லை. மடகாஸ்கரின் மலகாசி மொழி முதல் படியோடு நின்றுவிடுகிறது: எழுவாயை மட்டுமே தலைமைச் சொல்லாக்கலாம். கிளிங்கான் இரண்டாம் படியில் நிற்கிறது. வேற்றுக்கிரக மொழி, மனித மொழிகளின் ஏணியில் ஒழுங்காக ஒரு படியில் வந்து நிற்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி.

தமிழ்ப் பெயரெச்சம் மிகக் கீழே வரை இறங்கும். 'சோறு சாப்பிட்ட தட்டு', 'கதவைத் திறந்த சாவி', 'நான் பணம் கொடுத்த பையன்' எல்லாம் இயல்பு. ஆனால் அதுவும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. 'நான் அந்தப் பையனோடு வந்தேன்' என்பதை 'நான் வந்த பையன்' என்று சொல்ல முடியாது. 'அந்தப் பையனைவிட நான் உயரம்' என்பதிலிருந்து 'நான் உயரமான பையன்' என்று செய்தால் பொருள் பாழாகிறது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? 'நான் எவனோடு வந்தேனோ அவன்' என்று வேறு பாதையில் போகிறோம், அல்லது 'என்னோடு வந்த பையன்' என்று திருப்பி, அவனை எழுவாயாக்கிவிடுகிறோம்.

அந்தத் திருப்பலில்தான் கப்பலுக்கும் விடை இருக்கிறது. மலகாசி பேசுகிறவர்கள் கருவியையோ இடத்தையோ தலைமைச் சொல்லாக்க விரும்பினால், வினையின் வடிவத்தை மாற்றி முதலில் அதை எழுவாயாக்குவார்கள். பிறகு தொடர் தானாக அமையும். ஏணியின் கீழ்ப்படியில் இருப்பதை மேலே ஏற்றிவிடும் உத்தி இது. கிளிங்கானில் வினைக்கு அப்படிப்பட்ட வடிவங்கள் இல்லை. ஆனால் வேறொரு வினையைக் கொண்டுவரலாம். கைதி கப்பலை என்ன செய்தான்? பயன்படுத்தினான். 'லோ' என்றால் பயன்படுத்து. உடனே கப்பல் செயப்படுபொருள் ஆகிவிட்டது! எதற்காகப் பயன்படுத்தினான்? தப்புவதற்காக; அதற்கு 'மெஹ்' என்ற விகுதி. ஆக, 'தப்புவதற்காகக் கைதி பயன்படுத்திய கப்பலைத் தளபதி தேடுகிறார்.' கிளிங்கான் வரிசையில்: தப்புவதற்காக, கப்பல்தான், பயன்படுத்திய, கைதி, தேடுகிறார், தளபதி.

கூர்ந்து கேட்பவர் இங்கே கையைத் தூக்குவார்: தப்புவதற்காகத் தேடுவது தளபதி என்றும் இதைக் கொள்ளலாமே? கொள்ளலாம்தான். வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் 'தப்புவதற்காக' எந்த வினையைப் பற்றிக்கொள்ளும் என்பதற்கு அடையாளம் இல்லை. ஆகவே அனுபவப்பட்டவர்கள் பல வேளைகளில் தொடரையே கைவிட்டு மூன்று வாக்கியங்களாகப் பிரித்துவிடுவார்கள். கைதி தப்பினான். ஒரு கப்பலைப் பயன்படுத்தினான். அந்தக் கப்பலைத் தளபதி தேடுகிறார். குழப்பம் துளியும் இல்லை. நீண்ட வாக்கியம்தான் தேர்ச்சியின் அடையாளம் என்று நினைத்து வந்தவர்களுக்கு இது முதலில் தோல்வியாகத் தோன்றும். படித்துப் பாருங்கள், அந்த மூன்று சிறு வாக்கியங்களில் போர்க்களத்தின் மிடுக்கு இருக்கிறது.

'கைதிக்கு உதவியது யார் என்று தளபதிக்குத் தெரியும்' என்பதையும் இதே வழியில் அவிழ்க்கலாம். கிளிங்கானின் வினாச் சொற்கள் கேள்வி கேட்க மட்டுமே. ஒரு தொடரைத் தலைமை தாங்கி நடத்த அவற்றால் ஆகாது. 'கைதிக்கு உதவிய ஆளைத் தளபதியால் அடையாளம் காட்ட முடியும்' என்று 'போக்' தொடராக்கினால் வேலை முடிந்தது.

ஒப்பீடு வேறு வகை முடிச்சு. 'அதிகாரியைவிடத் தளபதி அறிவாளி' என்பதற்குக் கிளிங்கான் சொல்வது: 'ஹோட் வால் லாவ், யாஷ் வால் பூஷ்.' தளபதியின் அறிவு பல, அதிகாரியின் அறிவு சில. இரண்டு சிறு வாக்கியங்களை எதிரெதிரே நிறுத்திவிட்டால் ஒப்பீடு தானாகப் பிறக்கிறது. இதை வேற்றுக்கிரகக் கற்பனை என்று நினைத்துவிடக் கூடாது. பப்புவா நியூகினியின் அமெலே மொழியில், 'இந்த வீடு பெரிது, அந்த வீடு சிறிது' என்று சொல்வதுதான் 'அந்த வீட்டைவிட இது பெரிது' என்பதற்கான வழி. உலக மொழிகளின் ஒப்பீட்டு முறைகளை 1985-இல் வகைப்படுத்திய லியோன் ஸ்டாசன், இதற்கென்று தனி வகையே ஒதுக்கினார்.

இந்த வாய்பாட்டுக்குள் பண்பைக் குறிக்கும் சொல் மட்டுமே பொருந்தும். 'அதிகாரியைவிடத் தளபதி நன்றாகச் சண்டை போடுவார்' என்பதில் ஒப்பிடப்படுவது ஒரு செயலின் தரம். செயலை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பண்பைத் தேட வேண்டும்: சண்டையிடுகையில், தளபதியின் தேர்ச்சி பல, அதிகாரியின் தேர்ச்சி சில. 'தேர்ந்தவராயிரு' என்பது கிளிங்கானில் ஒரே வினை. பண்புகள் எல்லாமே அங்கு வினைகள்தான். உரிச்சொல் என்று தனி வகை இல்லை.

வினை விகுதிகளின் அடுக்கு பற்றியும் ஒரு வார்த்தை. வினைக்குப் பின்னால் ஒன்பது வகை விகுதிகள், குறித்த வரிசையில்தான் வரும். ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒன்றுதான் வரலாம். 'முடியும்' என்பதற்கான விகுதியும், 'யாரோ' என்று செய்தவரைச் சொல்லாமல் விடும் விகுதியும் ஒரே வகையில், ஐந்தாவதில், மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஆகையால் 'இதைத் திறக்க முடியும்' என்று, யாரால் என்பதைச் சொல்லாமல் விட வழியில்லை. 'எவராலும் இதைத் திறக்க முடியும்' என்று ஓர் 'எவரோ'வை எழுவாயாக உட்கார வைத்தால் தீர்ந்தது. 1997-இல் வந்த நூலில் ஓக்ராண்ட், கிளிங்கான்கள் வேண்டுமென்றே இலக்கணத்தை மீறிச் சுவை காண்பதுண்டு என்றும் எழுதிவைத்தார். ஆனால் மீறலை ரசிக்க, விதி எது என்று கேட்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பயிற்சி கதைக்குள் மட்டும் நிற்பதல்ல. ஓக்ராண்டின் முட்சுன் இலக்கணம் நூலக அடுக்கில் தூங்கிப் போகவில்லை. முட்சுன் மக்களின் வழித்தோன்றல்கள் தங்கள் மொழியை மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறார்கள். மொழியியலாளர்களோடு சேர்ந்து 2016-இல் ஓர் அகராதியும் வெளியிட்டார்கள். அவர்களுக்கும் ஹாரிங்டனின் குறிப்புகளில் இல்லாத வாக்கியங்கள் அன்றாடம் தேவைப்படுகின்றன: குழந்தையைக் கண்டிக்க, தொலைபேசியில் பேச, நேற்று யாரோடு எங்கே போனோம் என்று சொல்ல. இருக்கிற அமைப்புகளில் எதை எங்கே நீட்டலாம், எதை உடைத்து இரண்டாகச் சொல்லலாம் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் அவர்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கேட்டுத் தெளிய சொலோர்சானோ இல்லை. அவர் சொல்லிச் சென்ற வாக்கியங்கள் இருக்கின்றன.